யார் யாருடைய ஆள்? ரோமானியரின் அன்றாட வாழ்வு

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் கரிக்கட்டையாகிப்போன ரொட்டிகளில் ஒன்றின்மேல் ஒரு முத்திரை அப்படியே பதிந்திருக்கிறது. குவிண்டுஸ் கிரானியுஸ் வேருஸ் என்பவரின் அடிமை கெலெருடையது என்பது அதிலுள்ள செய்தி. வட்ட ரொட்டி, பிய்த்துத் தின்ன வசதியாக மேலே கீறிவிட்டிருக்கிறார்கள். பொது அடுப்பில் வெந்தது வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று முத்திரை குத்தியிருக்கலாம். ரொட்டி கெலெருடையது, கெலெர் வேருஸுடையவன். ரோமானியச் சமூகம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்றாசிரியரும் சொல்லிவிடவில்லை.

ரோமானியரின் அன்றாட வாழ்வை எழுதப் புகுந்தவர்கள் நெடுங்காலம் கைக்கெட்டிய இலக்கியத்தையே நம்பினார்கள். 1939-இல் பிரெஞ்சு அறிஞர் ஜெரோம் கர்கோப்பினோ எழுதிய நூல் இந்த வகையில் புகழ்பெற்றது. இன்றும் சுவை குறையாமல் படிக்கலாம். ஆனால் அதன் பெரும்பகுதி மார்ஷியல், ஜுவெனால், இளைய பிளினி ஆகியோரின் தோளில் ஏறி நின்று பார்த்த காட்சி. முன்னவர் இருவரும் நையாண்டிக் கவிஞர்கள்; எரிச்சல்தான் அவர்களுக்கு முதலீடு. பிளினியோ பெரும் நிலக்கிழார். உழவரோ அடிமையோ சலவைத் தொழிலாளியோ எழுதி வைத்த நூல் என்று நம்மிடம் அநேகமாக எதுவும் இல்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள்: கல்லறை எழுத்துகள், எகிப்து மணலில் புதைந்திருந்த பாப்பிரஸ் ஏடுகள், சுவர்க் கிறுக்கல்கள், எலும்புகள், சாக்கடைக் கசடு. இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: ரோமில் ஒருவர் யாருடைய ஆள் என்று தெரிந்துவிட்டால் அவர் எங்கே குடியிருந்தார், எதைத் தின்றார், செத்தால் யார் எரித்தார்கள் என்பதெல்லாம் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ரோம் நகரில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பேரரசு முழுவதும் 5 முதல் 6 கோடி பேர் இருந்திருக்கலாம். அவர்களில் ஐந்தில் நான்கு பேராவது கிராமத்து மக்கள். இந்தப் பெரும்பான்மையைப் பற்றித்தான் மிகக் குறைவாகத் தெரிகிறது. டஸ்கனியில் சினிஜியானோ என்ற ஊரைச் சுற்றி 2009 முதல் 2014 வரை உழவர்களின் சிறு வீடுகளையும் களங்களையும் தோண்டிப் பார்த்த திட்டம் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. வறுமையில் ஒரே குடிசையில் முடங்கிக் கிடந்தவர்கள் என்ற பழைய சித்திரம் அங்கே நிற்கவில்லை. பட்டறைக்கு ஓரிடம், களத்துக்கு ஓரிடம், மேய்ச்சலுக்கு வேறிடம் என்று நிலத்தைக் கணக்காகப் பயன்படுத்திய மனிதர்கள் தெரிந்தார்கள். இருந்தாலும் சான்றுகள் குவிந்து கிடப்பது நகரத்தில்தான். பேச்சும் அங்கேதான் போயாக வேண்டும்.

நான்காம் நூற்றாண்டுப் பட்டியல்கள் தலைநகரில் 46,000-க்கும் மேற்பட்ட இன்சுலாக்களையும் சுமார் 1,800 தனி மாளிகைகளையும் கணக்குக் காட்டுகின்றன. இன்சுலா என்பது முழுக் கட்டடமா, அதில் ஒரு பகுதியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படி எண்ணினாலும் நகரத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒண்டுக்குடித்தனக்காரர்கள். தெருவைப் பார்த்த தரைத்தளத்தில் கடைகள், முதல் மாடியில் காற்றும் இடமும் உள்ள வீடுகள், மேலே போகப் போகச் சிறுத்து இருண்ட அறைகள். நம் ஊர்களில் உயரம் கூடினால் வாடகை கூடும், அங்கே தலைகீழ். தண்ணீரைக் கையால் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், தீப்பிடித்தால் கடைசியாக இறங்க வேண்டும். கட்டடம் 70 ரோமானிய அடிக்கு, அதாவது சுமார் 20 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று அகஸ்டஸ் விதித்தார். பின்னாளில் பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். விதியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்ததே அது எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி. அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவும் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குச் சொந்தக்காரர். தன் கடைகளில் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவை விரிசல் விட்டிருக்கின்றன, குடியிருப்பவர்கள் மட்டுமல்ல எலிகளும் ஓடிவிட்டன என்று நண்பருக்குக் கேலியாக எழுதினார். ஓடிப்போன குடித்தனக்காரர்கள் எங்கே தங்கினார்கள் என்பதைப் பற்றி அந்தக் கடிதத்தில் கவலை ஏதும் இல்லை.

பெரிய வீடுகளின் கதவு விடியற்காலையில் திறக்கும். டோகாவைச் சுற்றிக்கொண்டு காலை வணக்கம் சொல்ல ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். டோகா ஏதோ எல்லாரும் எந்நேரமும் உடுத்திய ஆடை என்று திரைப்படங்கள் நம்மை நம்ப வைத்துவிட்டன. குடியுரிமை பெற்ற ஆண் சடங்குக்கும் சந்திப்புக்கும் கட்டிக்கொள்ளும் கனத்த கம்பளித் துணி அது. மற்ற நேரமெல்லாம் சட்டை போன்ற ட்யூனிக்தான். வணக்கம் வைக்க வருபவர் புரவலரின் ஆள். அவருக்கு வழக்கு வந்தால் புரவலர் பேசுவார், தேர்தல் வந்தால் இவர் புரவலருக்காகத் தெருவில் நடப்பார். மார்ஷியல் காலத்தில் இந்த உறவு கூலிக்கணக்காகச் சுருங்கி, ஒரு நாள் வருகைக்கு 100 குவாட்ரான்ஸ் சில்லறைக் காசு, அதாவது ஆறேகால் செஸ்டெர்ஸ் கிடைத்தது. கவிஞர் அதைச் சலித்துச் சலித்துப் பாடுகிறார், ஆனால் போகாமலும் இருக்கவில்லை. வணக்கம் வாங்கும் புரவலரே தன்னைவிடப் பெரியவர் வாசலுக்குப் புறப்பட வேண்டியிருந்ததும் உண்டு. அந்தப் பெரியவர் கடைசியில் பேரரசரின் வாசலில் நின்றார்.

சோற்றுக்கணக்கிலும் இதே சங்கிலிதான். கி.மு. 123-இல் கையுஸ் கிராக்குஸ் சலுகை விலையில் தானியம் வழங்க வைத்தார், கி.மு. 58-இல் குளோடியுஸ் அதை இலவசமாக்கினார். பெற்றவர்கள் 3,20,000 பேராகப் பெருகியிருந்ததை ஜூலியஸ் சீசர் 1,50,000 ஆக வெட்டினார். அகஸ்டஸ் காலத்தில் 2 லட்சம் பேர் மாதம் 5 மோடியுஸ், ஏறக்குறைய 33 கிலோ கோதுமை பெற்றார்கள். இதை ஏழைகளுக்கான உதவி என்று நினைப்பது பிழை. வறுமை இங்கே தகுதியே அல்ல. ரோமில் வசிக்கும் குடிமகனாக, ஆணாக இருக்க வேண்டும். விதவை வரிசையில் நிற்க முடியாது. இதிலும் ஆட்கள் கெட்டிக்காரத்தனம் காட்டினார்கள். மாதா மாதம் தானியம் வாங்கிக் கொண்டுவந்து தங்களிடமே கொடுக்கட்டும் என்று சில எசமானர்கள் அடிமைகளை விடுதலை செய்தார்கள் என அந்தக் கால எழுத்தாளர் ஹாலிகர்நாஸஸ் ஊர் தியோனிசியுஸ் குறைபட்டுக்கொள்கிறார். ரேஷன் பொருளுக்காகக் கொடுத்த சுதந்திரம்!

கோதுமையைத் தவிர வேறு என்ன சாப்பிட்டார்கள்? மயில் நாக்கும் கொழுத்த எலியும் நினைவுக்கு வருவது விருந்துக் கதைகளால் வந்த வினை. ஹெர்குலேனியத்தில் கடைகளுக்கும் மாடிக் குடித்தனங்களுக்கும் கீழே ஓடிய கழிவுத் தொட்டியிலிருந்து 700 சாக்குகளுக்கு மேல் மனிதக் கழிவை அள்ளிச் சலித்துப் பார்த்தார்கள். மாளிகை எதுவும் இல்லாத அந்தக் குடியிருப்பில் மீன் முள், கடல் முள்ளெலி ஓடு, முட்டை, அத்தி விதை, ஆலிவ் கொட்டை, கசகசா எல்லாம் இருந்தன. கடலோரச் சிற்றூரின் சாமானியர் சாப்பாடு பணக்காரக் கவிஞர்கள் வர்ணித்ததைவிட நன்றாகவே இருந்திருக்கிறது. எல்லா ஊரும் கடலோரம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். பொம்பேயில் ஒரு வீட்டுச் சுவரில் சில நாள்களின் செலவுக் கணக்கைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்: ரொட்டி, எண்ணெய், வெங்காயம், பாலாடைக்கட்டி, மது. ரொட்டிக்கு எட்டு ஆஸ் காசு ஆன நாள் உண்டு. அதே கணக்கில் அடிமைக்கு என்று தனியே ஒரு வரி வருகிறது: ரொட்டி, இரண்டு ஆஸ்.

இத்தாலியில் மூன்றில் ஒருவர் அடிமை என்று பழைய நூல்கள் சொல்லும். இப்போது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறக்கி மதிப்பிடுகிறவர்கள் அதிகம். எண்ணிக்கை எப்படியானாலும், தோற்றத்தை வைத்து யார் அடிமை என்று சொல்ல முடியாது என்பதுதான் ரோமின் தனித்தன்மை. தோல் நிறமோ மொழியோ காட்டிக்கொடுக்காது. அடிமைகளுக்குத் தனி உடை வைக்கலாமா என்று ஒருமுறை செனட்டில் பேச்சு எழுந்ததாம். தாங்கள் எத்தனை பேர் என்பதை அவர்களே எண்ணிப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் கைவிட்டார்கள் என்று மெய்யியலாளர் செனெக்கா எழுதுகிறார்.

அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் கொடூரமும் இருந்தது. கி.பி. 61-இல் நகரத் தலைமை அதிகாரி பெதானியுஸ் செகுண்டுஸைச் சொந்த அடிமை ஒருவன் கொன்றான். எசமானரை வீட்டு அடிமை கொன்றால் ஒரே கூரையின் கீழ் இருந்த எல்லா அடிமைகளையும் கொல்ல வேண்டும் என்பது வழக்கம். அந்த வீட்டில் 400 பேர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். நகரத்துச் சாமானியர்கள் கல்லும் தீப்பந்தமும் எடுத்துக்கொண்டு தடுக்கத் திரண்டார்கள். பேரரசன் நீரோ வழிநெடுகப் படைவீரர்களை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான். இந்தச் செய்தியில் எனக்கு முக்கியமாகப் படுவது கூட்டம்தான். அதில் இருந்தவர்களில் கணிசமானோர் நேற்றைய அடிமைகளாகவோ அவர்களின் பிள்ளைகளாகவோ இருந்திருப்பார்கள். சட்டத்தில் மலைபோல் நின்ற பிரிவு, தெருவில் உறவாகக் கலந்து கிடந்தது.

பொம்பேக்கு வெளியே சிவிடா ஜூலியானா பண்ணை வீட்டில் 2021-இல் ஓர் அறை வெளிப்பட்டது. 16 சதுர மீட்டர். மூன்று கட்டில்கள், இரண்டு 1.70 மீட்டர் நீளம், மூன்றாவது 1.40 மீட்டர்தான். கட்டில் என்றால் ஒழுங்காகச் செதுக்காத பலகைச் சட்டம், குறுக்கே கயிறு. கீழே சிறுநீர்க் கலயங்களும் குடங்களும். நடுவில் மரப்பெட்டியில் குதிரைச் சேணத்தின் உலோகத் துண்டுகள், சாய்த்து வைத்த வண்டி ஏர்க்கால், மூலையில் எட்டு ஆம்போரா ஜாடிகள். மேலே ஒரே ஒரு சிறு சன்னல். சுவரில் பூச்சு இல்லை. விளக்கைத் தொங்கவிட்ட இடம் தெரிகிறது. சிறிய கட்டிலை வைத்து, அங்கே இருந்தது ஒரு குடும்பம் என்று அகழ்வாளர்கள் ஊகிக்கிறார்கள். அடிமைகளுக்குச் சட்டப்படி திருமணம் இல்லை, பிள்ளை எசமானின் சொத்து. ஆனாலும் யாரோ ஒரு குழந்தைக்கு அளவெடுத்துக் கட்டில் செய்திருக்கிறார்கள். அந்த அறையிலேயே சரக்கையும் அடுக்கியிருக்கிறார்கள்.

வெளியேற வழி இருந்தது. கிரேக்க நகரங்களில் விடுதலை பெற்ற அடிமை அன்னியனாகவே நின்றான். ரோமில் முறைப்படி விடுவிக்கப்பட்டவர் குடிமகன் ஆனார். அடிமையின் விலையில் 5 சதவீதம் விடுதலை வரியாக அரசுக்குப் போயிற்று. அகஸ்டஸ் இதற்குக் கடிவாளம் போட்டார்: கி.மு. 2-இல் வந்த சட்டப்படி உயில் மூலம் 100 பேருக்கு மேல் விடுவிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவர் முன்னாள் எசமானரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். மரியாதையும் குறிப்பிட்ட நாள் உழைப்பும் அவருக்குக் கடன். ஆக, சங்கிலி அறுந்தாலும் கயிறு அறவில்லை. தலைநகரின் கல்லறைக் கற்களில் இவர்களின் பெயர்களே மிகுதி. பிறப்பில் கிடைக்காததைக் கல்லில் வெட்டி வைக்கும் ஆசை யாருக்கு இருக்கும் என்று யோசித்தால் காரணம் புரியும். போர்த்தா மஜ்ஜோரே வாயில் அருகே எவ்ரிசகேஸ் என்ற ரொட்டிக்கடைக்காரரின் கல்லறை நிற்கிறது. அவரும் விடுவிக்கப்பட்டவர் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். கல்லறையைச் சுற்றிச் சிற்பத்தில் தானியம் அரைப்பது, மாவு பிசைவது, அடுப்பில் தள்ளுவது, எடை போடுவது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. உழைப்பை இழிவென்று எழுதிய சிசரோவுக்கு நேரெதிராக நின்று பேசும் கல் அது. மாவு மில்லைச் சுற்றியவர்களின் பக்கம் வேறு மாதிரி: 2023-இல் பொம்பேயில் வெளிப்பட்ட ரொட்டிப் பட்டறையில் தெருவுக்கு வாசல் இல்லை, சன்னல்களில் இரும்புக் கம்பி, கழுதைகளும் அடிமைகளும் ஒரே தடத்தில் சுற்றியிருக்கிறார்கள்.

குடும்பத்துக்கு வருவோம். தந்தை உயிரோடிருக்கும்வரை வளர்ந்த மகனுக்கும் சொந்தச் சொத்து கிடையாது. அவன் கையில் புழங்கும் பணத்துக்கும் அடிமையின் கையிருப்புக்கும் சட்டத்தில் ஒரே பெயர்தான். ஏட்டில் பயங்கரமாகத் தெரியும் இந்த அதிகாரத்தை மரணம் தானே குறைத்துவிட்டது. பிறக்கும்போதான ஆயுள் எதிர்பார்ப்பு 20 முதல் 30 ஆண்டு. பிறந்ததில் பாதி பத்து வயதைத் தாண்டவில்லை. முப்பதை எட்டியவர்களில் பெரும்பாலோருக்குத் தந்தை இல்லை. கூட்டுக் குடும்பக் கோட்டை என்ற கருத்தையும் 1984-இல் ரிச்சர்ட் சாலரும் பிரெண்ட் ஷாவும் ஆயிரக்கணக்கான கல்லறை எழுத்துகளை எண்ணிப் பார்த்துக் கலைத்தார்கள். கணவனுக்கு மனைவி, பிள்ளைக்குப் பெற்றோர் என்று சிறு குடும்பத்துக்குள்ளேயேதான் பெரும்பாலான கற்கள் நடப்பட்டிருந்தன.

பெண் யாருடையவள் என்பதற்கு விடை எதிர்பாராதது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த திருமண முறையில் மனைவி கணவன் கைக்குப் போகவில்லை. தந்தையின் அதிகாரத்திலேயே இருந்தாள், சொத்தும் தனியே நின்றது. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு ஆண் காப்பாளர் தேவையில்லை என்று அகஸ்டஸ் சட்டம் சலுகை தந்தது. பொம்பேயின் எவ்மாக்கியா தன் பணத்தில் சந்தைச் சதுக்கத்தில் பெரிய கட்டடம் எழுப்பினார். துணி வெளுப்பவர்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள். இன்னொரு முனையில், ரோம ஆட்சியிலிருந்த எகிப்தில் கி.மு. 1-இல் ஹிலாரியோன் என்ற கூலிக்காரர் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து கர்ப்பிணி மனைவிக்கு எழுதிய கடிதம். குழந்தையைப் பார்த்துக்கொள், சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன், உன்னை எப்படி மறப்பேன் என்றெல்லாம் எழுதியவர், பிறப்பது ஆணானால் இருக்கட்டும், பெண்ணானால் வெளியே போட்டுவிடு என்றும் எழுதுகிறார். குரலில் மாற்றமே இல்லை. எறியப்பட்ட பெண் சிசுக்களில் பலவற்றை அடிமையாக வளர்க்க எடுத்துக்கொண்டார்கள்.

குளியலைப் பற்றி எழுதாவிட்டால் ரோமானியக் கட்டுரை முழுமை பெறாது என்று ஒரு நம்பிக்கை. சுருக்கமாக: 11 நீர்க்கால்வாய்கள், 850-க்கும் மேற்பட்ட சிறு குளியலகங்கள், நுழைவுக்குப் பெரும்பாலும் ஒரு குவாட்ரான்ஸ். ஆனால் தொல்லியல் எச்சங்களிலிருந்த ஒட்டுண்ணிகளைத் தொகுத்து ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, ரோமானியர் வந்தபின் குடற்புழுக்கள் குறையவில்லை என்று காட்டியது. குளியலகத்தின் உண்மையான விளைவு சமூகத்தில்தான் தெரிந்தது. உடை களைந்த இடத்தில் செனட்டரும் செருப்புத் தைப்பவரும் ஒரே வெந்நீரில் இறங்கினார்கள். முதுகு தேய்க்க அடிமை உடன் வந்தாரா இல்லையா என்பதில் வேறுபாடு மீண்டும் தலைகாட்டியது.

ஆளாக்கிக்கொள்ளப் பெரியவர் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவருக்கொருவர் ஆளானார்கள். ரோமுக்குத் தெற்கே லானுவியத்தில் கி.பி. 136-இல் கல்லில் வெட்டிய சங்க விதிகளை இந்தத் துறையில் கிடைத்த மிகச் சிறந்த ஆவணம் என்பேன். டயானா, அந்தினோவுஸ் என்ற தெய்வங்களின் பெயரில் அமைந்த ஈமச் சங்கம் அது. உறுப்பினர்களில் அடிமைகளும் உண்டு. சேரக் கட்டணம் 100 செஸ்டெர்ஸும் ஒரு ஜாடி நல்ல மதுவும். மாதச் சந்தா 5 ஆஸ். இறந்தால் 300 செஸ்டெர்ஸ். அதில் 50 சுடுகாட்டில் பங்கு போட. எசமானர் அடிமையின் உடலைத் தர மறுத்தால் உருவம் ஒன்று வைத்துச் சடங்கு செய்ய வேண்டும். அடிமை விடுதலையானால் சங்கத்துக்கு ஒரு ஜாடி மது. விருந்தில் ஆளுக்கு ரொட்டியும் நான்கு மத்தி மீனும். இடத்தை விட்டெழுந்து கலாட்டா செய்தால் 4 செஸ்டெர்ஸ் அபராதம், சக உறுப்பினரை ஏசினால் 12, விருந்தின்போது தலைவரை ஏசினால் 20. ஏச்சுக்கும் தரவரிசை வைத்துவிட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு நேரடித் தொடர்பு மிளகில் இருக்கிறது. மூத்த பிளினி கறுப்பு மிளகு பவுண்டுக்கு 4 தெனாரியஸ் வெள்ளிக்காசு என்று விலை குறிக்கிறார். முதல் நூற்றாண்டின் இறுதியில் சாதாரணப் படைவீரருக்கு ஆண்டுச் சம்பளம் 300 தெனாரியஸ், ஆக ஒரு பவுண்டு ஐந்து நாள் கூலி. ஆடம்பரம்தான், ஆனால் எட்டாக்கனி அல்ல. பிரிட்டனின் வடக்கு எல்லையில் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரத்தகட்டுக் கணக்கில், தாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்ற வீரர் மிளகுக்கு 2 தெனாரியஸ் செலுத்தியது பதிவாகியிருக்கிறது. அந்த மிளகு இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் கப்பலேறி செங்கடல் வழியாகப் போனது. எகிப்தின் பெரனிகே கோயிலில் இந்திய ஜாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு இருந்தது. செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல் கதிமில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள். முசிறிச் சரக்குக் கடன் பற்றிய இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸில் ஹெர்மபோலோன் என்ற ஒரே கப்பலின் சுமை ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டெர்ஸ் பெறும். கண்ணனும் சாத்தனும் யாருக்கும் ஆளில்லாத வணிகர்களாக அங்கே நின்றிருக்க வாய்ப்பு உண்டு. ரோமானியச் சரக்குக் கிடங்குகளில் அந்த மூட்டைகளைத் தூக்கியவர்கள் அப்படியல்ல.

கி.பி. 212-இல் பேரரசர் கரகல்லா சுதந்திரமாகப் பிறந்த ஏறக்குறைய எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தார். அதற்குள்ளாகவே நீதிமன்றங்கள் குடிமக்களை மேலோர், கீழோர் என்று பிரிக்கத் தொடங்கியிருந்தன: ஒரே குற்றத்துக்கு மேலோருக்கு நாடுகடத்தல், கீழோருக்குச் சுரங்க வேலையோ கொடிய மிருகங்களுக்கு இரையாவதோ. குடியுரிமை எல்லாருக்கும் ஆனபோது அதன் விலை போய்விட்டிருந்தது. அடிமைகளின் எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, குத்தகைக்கு உழுத சுதந்திர உழவர்கள் நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டார்கள். கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம், தப்பியோட எண்ணும் குத்தகை உழவர்களை அடிமைகளைப் போலவே விலங்கிட்டு வேலை வாங்கலாம் என்று நிலச்சொந்தக்காரர்களுக்கு அனுமதி தந்தது. ஓடியவரைத் தன் நிலத்தில் வைத்திருந்தவர் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுவரைக்குமான அவரது தலைவரியையும் கட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.